பத்து முறை எழுதினால் வந்துவிடுமா?

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். 2021 கடைசியில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற அரசுத் திட்டம் வந்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் வகுப்பு. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததால் எல்லாப் பிள்ளைகளுக்குமே எழுத்து தடுமாறியது, ஆறேழு மாதத்தில் முக்கால்வாசிப் பேர் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது படித்த ஒரு பையனுக்கு மட்டும் வரவே இல்லை.

கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பலகையில் எழுதியதை அப்படியே நோட்டில் இறக்கிவிடுவான். அதிலேயே ஒரு சொல்லைக் காட்டி வாசிக்கச் சொன்னால் என் முகத்தைப் பார்ப்பான். பிள்ளை எழுத்தைப் படமாக வரைந்துகொண்டிருக்கிறான் என்று எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. அதுவரை நானும் தப்பான சொல்லைப் பத்து முறை எழுத வைத்தேன், நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. இத்தனைக்கும் மக்குப் பையனா என்றால் இல்லவே இல்லை. மேட்டூர் திறந்து எத்தனை நாளில் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது, அவன் அம்மா நடவுக்குப் போன வயலில் எத்தனை முடி நாற்று மிச்சம், எல்லாம் அவன் வாயில் இருக்கும்.

டிஸ்லெக்சியா என்பது காதில் விழும் ஒலியையும் கண்ணில் படும் எழுத்தையும் சேர்க்கும் இடத்தில் வருகிற சிக்கல். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தமிழில் இது எங்கெல்லாம் மாட்டுகிறது என்று அவனோடு உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். 'கொக்கு' என்று சொல்லிப் பாருங்கள், வாயில் முதலில் வருவது க், ஆனால் கை முதலில் கொம்பு போட வேண்டும், அப்புறம் க, அப்புறம் கால், ஒரே ஒலி எழுத்துக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. கல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே க, சத்தம் வேறு வேறு. வீட்டில் 'வந்துட்டான்', புத்தகத்தில் 'வந்துவிட்டான்'. இதற்கு 247 எழுத்தையும் ஒப்பிக்க வைத்து என்ன பயன்?

கொம்பு, கால் மாதிரி வாரத்துக்கு ஒரே ஒரு எழுத்துக் குறி என்று வைத்துக்கொண்டோம். முறத்தில் ஆற்று மணலைப் பரப்பி, ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வேண்டும். கொம்புக்குப் பச்சை, காலுக்குச் சிவப்பு. வாசிக்கும்போது வரிக்குக் கீழே ஓர் அட்டை. ரொம்ப மெதுவாகத்தான் போகும், ஆனால் போகும்.

இன்னொரு பிள்ளை, பெண். சத்தமே போடாது, சொன்ன இடத்தில் உட்காரும், மனசு மட்டும் எங்கேயோ இருக்கும். ஏடிஹெச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத சிக்கல், என்றாலே துறுதுறுவென்று ஓடுகிற பையன்தான் என்று நினைப்பதால் இப்படி அமைதியான பிள்ளைகள் யார் கண்ணிலும் படுவதில்லை. அவளுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்வேன், இரண்டு கணக்கு முடித்ததும் செம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி எழுப்பிவிடுவேன். இது ஏடிஹெச்டிதான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. வீடு, பள்ளி இரண்டு இடத்திலும், ஆறு மாதமாவது, பன்னிரண்டு வயதுக்கு முன்பே இந்த அறிகுறிகள் தெரிகிறதா என்றுதான் டாக்டர்களும் பார்ப்பார்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு எல்லாம் கேட்கலாம். பத்தாவது வந்த பிறகு ஓடாதீர்கள். மூன்றாவது, நான்காவதிலேயே வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். பையனின் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அந்த பேப்பர வாங்கினா நாளைக்கு எம்புள்ளைக்கு யாருக்கா பொண்ணு குடுப்பா?" என்று கேட்டாள். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவளோடு நானே பஸ் ஏறினேன்.

இந்த ஜூனில் அவன் ஆறாவது போகிறான், புதுப் பள்ளி, புது டீச்சர். ந, ன இன்னும் மாறும். முதல் நாள் கொடுத்தனுப்ப ஒரு தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை முடிவானது இரண்டு வரி: முன் பெஞ்சில் உட்கார வையுங்கள். தப்பு வந்தால் பத்து முறை எழுதச் சொல்லாமல், ஒரு முறை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.