ஏ.எல். முடித்து லண்டன் படிப்புக்குப் போக: முதலில் பெயர், பிறகு பாங்க் கணக்கு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பெறுபேறு போதாமல் தடைப்படுவதை விட, பெயர் எழுத்திலும் பாங்க் கணக்கிலும் தடைப்படுவதைத்தான் நாங்கள் அதிகம் கண்டிருக்கிறோம். இரண்டும் முன்கூட்டியே சரிசெய்யக் கூடியவை என்பதால்தான் மனம் பொறுக்கவில்லை.

ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் பரீட்சைக்குக் காசு கட்டுவதற்கு முன்னர் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓ.எல்., ஏ.எல். சான்றிதழ்கள், பாடசாலை விடுகைப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பாயில் பரப்பிப் பாருங்கள். எங்கள் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். பிள்ளையின் பெயர் ஒரு கூட்டில், தகப்பன் பெயர் வேறொரு கூட்டில். பரீட்சைச் சான்றிதழில் முதலெழுத்துகளோடு வருவது வழக்கம். ஆங்கில எழுத்துக்கு மாறும்போதுதான் சிக்கல். தர்ஷிகாவின் ‘த’வுக்கு ஒருவர் ‘டி’ மட்டும் போடுவார், இன்னொருவர் ‘டி, எச்’ போடுவார். கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் முகம்மது என்ற ஒரு பெயரே ‘ஓ’ போட்டும் ‘யூ’ போட்டும், ஒரு ‘எம்’மோடும் இரண்டு ‘எம்’மோடும் நாலைந்து விதமாகக் கிடக்கும்.

ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் பாஸ்போர்ட், அடுத்தது மொழிபெயர்ப்பு, பிறகு ஐ.ஈ.எல்.டி.எஸ்., கடைசியில் பல்கலைக்கழக விண்ணப்பம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் தகப்பன் பெயர் ஏறிவிட்டால், மற்ற எல்லாப் படிவத்திலும் அதுவே குடும்பப் பெயர். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது பாஸ்போர்ட் பிரதியையும் கொடுத்து, அதே எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் தன் வழக்கப்படி எழுதுவார்; அது அவர் பிழையில்லை.

அப்படியும் வேறுபாடு மிஞ்சினால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடிக்கலாம். அதை நேரடியாக ஆங்கிலத்திலேயே எழுதுவித்து, எந்தப் பத்திரத்தில் எந்த எழுத்து, அந்தப் பத்திரத்தின் இலக்கம் என்ன என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிட வேண்டும். பிறந்த திகதி பிழையென்றால் சத்தியக்கடதாசி உதவாது. பிரதேச செயலகத்தில் பதிவாளரிடம் போய் மூலப் பதிவையே திருத்த வேண்டும். அதற்கு மாதங்கள் போகும்.

சான்றிதழ்களுக்கு வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி முத்திரை, பல்கலைக்கழகம் கேட்டால் மட்டும் போதும். அதற்குக் கொழும்புக்கு இரவு பஸ் ஏற வேண்டியதில்லை. திருகோணமலையில் பிராந்திய கொன்சியுலர் அலுவலகம் இருக்கிறது. வாழைச்சேனை, வாகரை, மூதூர் வழியாக ஏ15 வீதியில் போய் அன்றே திரும்பலாம்.

இனிக் காசு. 2025 நவம்பர் 11 முதல் மாணவர் விசாவுக்குக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவு லண்டனுக்குள் மாதம் 1,529 பவுண், வெளியே 1,171 பவுண். ஆகக் கூடியது 9 மாதத்துக்குக் கணக்கு: 13,761 அல்லது 10,539 பவுண். முதல் வருடக் கட்டணத்தில் கட்டாத மீதியையும் இதோடு சேருங்கள். இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து. பாங்க் கூற்றின் கடைசித் திகதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 31 நாளுக்குள் விழ வேண்டும். ரூபாயில் வைத்திருந்தால் விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதத்தில்தான் பார்ப்பார்கள். கணக்குப் பார்த்துச் சரியாக வைத்த காசு, ரூபாய் சற்று இறங்கினாலே போதாமல் போகும். பத்து வீதமாவது கூட வையுங்கள்.

கணக்கு பிள்ளையின் பெயரிலோ, தாய் தகப்பன் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் பெயரிலோ இருக்க வேண்டும். சுவிஸ் மாமாவின் கணக்கையோ, கட்டாரில் இருக்கும் காக்காவின் (அண்ணனின்) கணக்கையோ காட்ட முடியாது. அவர்கள் உதவுவதென்றால் காசை இங்குள்ள கணக்குக்கு அனுப்பட்டும். வந்து சேர்ந்த நாளிலிருந்து 28 நாள் எண்ணுங்கள். அனுப்பிய பற்றுச்சீட்டு, நகை அடகு வைத்திருந்தால் அந்தச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். காசு எங்கிருந்து வந்தது என்று நேர்காணலில் கேட்கலாம்.

தகப்பன் கணக்கென்றால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும், காசைப் பயன்படுத்தச் சம்மதம் என்ற கையெழுத்திட்ட கடிதமும் தேவை. இங்கே பெயர்ச் சிக்கல் திரும்பி வரும்: பாங்கில் தகப்பன் முதலெழுத்தோடு இருப்பார், பிறப்புச் சான்றிதழில் முழுப்பெயரோடு இருப்பார். மேலே சொன்ன சத்தியக்கடதாசியை அவருக்கும் சேர்த்து அப்போதே முடித்து வையுங்கள்.

விசாவுக்குத் தேவையான காசநோய்ப் பரிசோதனை கொழும்பில்தான். சான்றிதழ் 6 மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் சளி வளர்ப்புச் சோதனைக்கு 8 வாரம் வரை போகும் என்பதால், கடைசி மாதத்துக்கு விடாதீர்கள்.

விசாவோடு சுகாதாரக் கட்டணமும் ஒரே தடவையில் கட்ட வேண்டும்: வருடத்துக்கு 776 பவுண். மூன்று வருடப் பட்டத்துக்கு விசா வழமையாக மூன்று வருடத்தைத் தாண்டுவதால் மூன்றரை வருடமாகக் கணக்கிட்டு 2,716 பவுண் வரும். 28 நாள் ஓடும் கணக்கிலிருந்து இதையோ பல்கலைக்கழக முற்பணத்தையோ எடுத்துவிடாமல், வேறு கணக்கில் தனியாகப் போட்டு வையுங்கள்.