கட்டுபடியாகுதா?

போன மே மாசம் ஒருவழியா லூயிஸ் தீவுக்குப் போயிட்டு வந்தேன். ஸ்காட்லாந்துக்கு வேலைக்கு வந்து மூணு வருஷம் கழிச்சு. உல்லாபூல் துறைமுகத்துல ஃபெர்ரி ஏறினா தீவுல இருக்கற ஸ்டோர்னோவே ஊருக்கு ரெண்டரை, ரெண்டே முக்கால் மணி நேரம், அதுல முக்காவாசி நேரம் வாந்திய அடக்கிட்டு கண்ண மூடி உக்காந்திருந்ததால கடல் எப்படி இருந்துச்சுன்னு என்கிட்ட கேக்காதீங்க.

தங்கினது மேற்குக் கரைல ஒரு கிராஃப்ட்ல. கிராஃப்ட்னா சின்ன குத்தகை நிலம், பத்துப் பன்னெண்டு ஏக்கர், கூடவே ஊர்ப் பொது மேய்ச்சல்ல ஒரு பங்கு. தாத்தா விவசாயம் பாத்த வீட்டுல வளந்த பழக்கம், முதல் நாளே கிராஃப்ட்ட நடத்துற அம்மாகிட்ட கேட்டுட்டேன், இது கட்டுபடியாகுதான்னு. அவங்க சிரிச்சுக்கிட்டே கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

மூலைல போன வருஷத்து ஆட்டு ரோமம் மூட்டையா கெடக்கு, எண்ணெய்ப் பிசுக்கு, தொட்டா கை வழவழங்குது. அத வித்தா வர்ற காசு கத்திரிக்கிற கூலிக்கே காணாதாம், ஆனா கத்திரிக்காம விட்டா ஈ முட்ட வச்சு உசுரோட புழு பிடிச்சிரும், அதனால நஷ்டமோ என்னவோ வருஷா வருஷம் கத்திரிச்சே ஆகணும். குட்டிகளையும் இங்க கொழுக்க வைக்க புல்லு பத்தாது, குளிருக்கு முன்னாடி ஏலத்துல தள்ளிவிட்டுருவாங்க.

ரோம மூட்டைக்குப் பக்கத்துலயே தறி. கால்ல மிதிக்கிற தறி, அவங்க மிதிச்சா கொட்டகையே அதிருது. நெய்யறது ஹாரிஸ் ட்வீட்ங்கற கம்பளித் துணி. வேடிக்கை என்னன்னா நூலு இந்த ஆட்டோடது இல்ல, மில்லுலேர்ந்து வண்டில வருது, இவங்களுக்கு நெசவுக் கூலி மட்டும். 1993 சட்டப்படி இந்தத் தீவுக்காரங்க அவங்க வீட்டுலயே நெய்தாத்தான் அதுக்கு ஹாரிஸ் ட்வீட்னு பேரு, இல்லன்னா எந்த ஃபேக்டரியோ எப்பவோ அள்ளிட்டுப் போயிருக்கும். அவங்க வீட்டுக்காரர் ஸ்கூல் பஸ் ஓட்டறார். பின்னாடி நான் தங்கின மரக் குடில். வாசல்ல முட்ட டப்பா, காச போட்டுட்டு யாரும் எடுத்துக்கலாம், அது யானைப் பசிக்கு சோளப்பொரி.

இதுல நான் அசந்து போன விஷயம், கிராஃப்ட்னு பிரிச்சுக் குடுத்த ஆரம்பத்துல பல எடத்துல பண்ணையார்கள் நிலத்த வேணும்னேதான் பத்தாம அளந்து குடுத்திருக்காங்க. வயித்துக்குப் பத்திட்டா அப்புறம் கடல்பாசிய எரிச்சு சாம்பலெடுக்க ஆள் எங்க கெடைக்கும், சோப்புக்கும் கண்ணாடிக்கும் அந்தச் சாம்பலுக்கு அப்ப நல்ல வெல. பாசி வியாபாரம் படுத்ததும் அதே ஜனங்கள நிறைய எடத்துல கப்பலேத்தி விட்டுட்டாங்க. சண்டையெல்லாம் போட்டு 1886ல சட்டம் வந்துச்சு, நியாயமான குத்தக, சும்மா வெளியேத்த முடியாது, பிள்ளைங்களுக்கு எழுதி வைக்கலாம். நிலம் மட்டும் அதே அளவு.

இப்ப இந்தக் குத்தக உரிமைய வாங்கவே வெளியூர்க்காரங்க ஆயிரக்கணக்குல பவுண்ட் தர்றாங்களாம், கடல பாத்த வீடு கட்டலாமே. ஊர்ப் பசங்களுக்கு எட்டல.

கெளம்பறப்ப ஆறு முட்ட எடுத்தேன், கைல சில்லற இல்ல, கார்டு மட்டும். "அடுத்த தடவ வர்றப்ப போடு"ன்னுட்டாங்க. அதுல ரெண்டு முட்ட ஃபெர்ரிலயே ஒடஞ்சிருச்சு.