பால் டின் வைத்து அளந்த பிறகுதான் புல்தரை தேறியது

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங் பக்கம் மழை குறைந்துவிடும். பழைய தோட்ட நிலத்தில் எழுந்த தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், எங்களுடையது மூலை வீடு. அதன் பக்கவாட்டில் 12 மீட்டர் நீளமும் நாலரை மீட்டர் அகலமும் கொண்ட புல்தரை இருக்கிறது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு நீர் தெளிப்பான்களைக் குத்தகையாளர் ஒருவர் பதித்துக் கொடுத்திருந்தார். அப்படியிருந்தும் நடுவில் பாய் அகலத்துக்கு இரண்டு இடங்கள் மஞ்சளாகக் காய்ந்து கிடக்க, ஓரங்களில் சேறு நின்றது. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். 15 நிமிடத்தை 40 நிமிடமாக்கினேன். காய்ந்த இடம் காய்ந்தபடியே இருந்தது, தண்ணீர்க் கட்டணம் மட்டும் ஏறியது.

எதிர் வீட்டுப் பெரியவர் செம்பனை நர்சரியில் பல ஆண்டுகள் மண்டோராக, அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளராக, இருந்தவர். "தண்ணி பத்தலன்னு சொல்றீங்களே தம்பி, எங்க எவ்வளவு விழுதுன்னு அளந்தீங்களா?" என்று கேட்டார். மறுநாள் உணவுக் கடையிலிருந்து ஒரே அளவிலான கெட்டிப்பால் டின்கள் ஒன்பதை வாங்கி வந்து, புல்தரையில் பரப்பி வைத்து, 15 நிமிடம் தண்ணீர் திறந்துவிட்டு, அளவுகோலை இறக்கிப் பார்த்தேன். தெளிப்பானுக்கு அருகில் இருந்த டின்னில் 11 மில்லிமீட்டர் தண்ணீர், மஞ்சள் படர்ந்த இடத்தில் வெறும் 3. குறை நேரத்தில் இல்லை, தண்ணீர் பரவும் விதத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

முதலில் தெளிப்பான்களின் நுனியில் நீரைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றினேன். நிலத்திலிருந்து எழும் குழலை மகன் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. விட்டால் ஸ்பிரிங் அதை உள்ளே இழுத்துவிடும். நாசிலுக்கு அடியில் விரல் நுனி அளவே உள்ள வலைவடிகட்டி ஒன்று இருக்கிறது. தண்ணீர்த் தடைக்குப் பிறகு கலங்கலாக வரும் நீரின் வண்டல் அதில் செந்நிறக் குழம்பாக அப்பியிருந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நாசிலைப் பூட்டுவதற்கு முன் சில விநாடிகள் தண்ணீரைத் திறந்து குழாய்க்குள் தங்கிய மண்ணையும் வெளியேற்றினேன். நாசிலின் துளையை ஊசியால் குத்தக் கூடாது. துளை அகன்றால் நீர் விழும் கோணமே கெட்டுவிடும். புல்வெட்டும் இயந்திரம் இடித்துச் சாய்த்திருந்த ஒன்றையும் நிமிர்த்தி, சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்கினேன்.

இவ்வளவுக்குப் பிறகும் நடுவில் 5 மில்லிமீட்டர்தான் சேர்ந்தது. நாலரை மீட்டர் மட்டுமே எட்டக்கூடிய தெளிப்பான்களை 6 மீட்டர் இடைவெளியில் பதித்திருந்ததே காரணம். ஒன்றின் நீர் அடுத்ததன் காலடி வரை விழுந்தால்தான் ஈரம் சீராகும். ஆகவே பக்கத்துக்கு ஒன்று கூட்டி, இடைவெளியை 4 மீட்டராகக் குறைத்தேன். மூலைகளில் அரைவட்ட நாசில் போட்டிருந்ததால் பாதித் தண்ணீர் சுவருக்கும் வடிகாலுக்கும்தான் போய்க்கொண்டிருந்தது. அங்கே கால்வட்ட நாசில்களை மாட்டினேன். அரைவட்டம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 லிட்டர் விட்டால் அதே தயாரிப்பு வரிசையைச் சேர்ந்த கால்வட்டம் மூன்றரை லிட்டர்தான் விடும் என்பதால், இரண்டையும் ஒரே நேரம் ஓட்டினாலும் ஈரம் சமமாக இருக்கும். வெவ்வேறு தயாரிப்பு வரிசை நாசில்களைக் கலந்து பொருத்தினால் இந்தக் கணக்கு நிற்காது.

எட்டும் சேர்ந்தால் நிமிடத்துக்கு 42 லிட்டர் வேண்டும். எங்கள் வீட்டுக் குழாய்க்கு அது தாங்காது. எட்டையும் திறந்தபோது அழுத்தமானி 1.2 பார் காட்டியது, இவ்வகைத் தெளிப்பானுக்கோ 2 பாராவது வேண்டும். அதனால் இன்னொரு வால்வு வைத்து நான்கு நான்காகப் பிரித்தேன். இப்போது காலை 6.30 மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், ஒவ்வொரு பிரிவுக்கும் 10 நிமிடம். அதையும் அரைமணி இடைவெளி விட்டு ஐந்தைந்து நிமிடமாகத் தருகிறேன். எங்கள் களிமண் ஒரே மூச்சில் குடிக்காது. டின்களில் இப்போது 6 முதல் 7 மில்லிமீட்டர் வரை நிற்கிறது.

வடிகாலை ஒட்டித் தாழ்வாக உள்ள தெளிப்பான் மட்டும், வால்வை மூடிய பிறகும் சற்று நேரம் கசிகிறது. பத்து நிமிடத்தில் அது நின்றுவிடுவதால் வால்வில் பழுதில்லை, குழாயில் மிஞ்சிய நீரே வடிகிறது என்று தெரிகிறது. ஒருவழி அடைப்பு உள்ள தெளிப்பான் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாற்ற வேண்டும்.