இட், தே, வீ எண்டா ஆரப்பா?

லீவில திருமலைக்கு வந்தா உப்புவெளியில மாமி வீட்டில ஒரே இங்கிலீஷ் கேள்விதான், மச்சாள் கனடாவுக்கு வர ஐஇஎல்டிஎஸ் படிக்கிறா. அவட புத்தகத்து இங்கிலீஷுக்கும் ஸ்காபரோவில நான் நிக்கிற வேர்ஹவுஸ்ல கதைக்கிற இங்கிலீஷுக்கும் ஒட்டே இல்ல. சுப்பவைசர் போற போக்கில "புட் தட் ஓவர் தேர் வென் தேயார் டன் வித் இட்" எண்டுட்டுப் போயிடுவார். ஒரு சொல்லும் கஷ்டமில்ல, ஆனா எதை, எங்க, ஆர் முடிக்க? அவற்ற கண் சாமான் தட்டை இழுக்கிற பேலட் ஜாக்கைப் பாக்குதா, ட்ரக்கில சாமான் ஏத்திற பெடியள் இன்னும் முடிக்கேல்லையா, வழமையா அது நிக்கிற மூலை எது, இவ்வளவும் தெரிஞ்சாத்தான் அந்த வசனம் விளங்கும்.

"கிட்ட இருக்கிற பெயர்ச்சொல்லத்தானே அத்தான் இட் குறிக்கும்?" எண்டு மச்சாள் கேட்டா. எப்பவும் இல்ல. 1972ல டெரி வினோகிராட் எண்ட கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் ஒரு வடிவான உதாரணம் குடுத்தவர். நகரசபை ஆக்கள் ஊர்வலக்காரருக்கு பெர்மிட் குடுக்கேல்ல, பிகாஸ் தே ஃபியர்ட் வயலன்ஸ், அதாவது வன்முறைக்குப் பயந்தவை. இதில தே நகரசபை. ஃபியர்டை எடுத்திட்டு அட்வகேட்டட், அதாவது ஆதரிச்சவை எண்டு போடுங்கோ, அதே தே ஊர்வலக்காரரிட்ட தாவிடும். கிரமர் அப்பிடியேதான் இருக்கு, ஆர் என்ன செய்யிற ஆக்கள் எண்டு எங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நான் அதைத் திருமலை பிரெட்ரிக் கோட்டையில திரியிற மானுக்கு மாத்தினன். "த டியர் எய்ட் த பேக் பிகாஸ் இட் வாஸ் ஹங்ரி" எண்டா இட் மான். "பிகாஸ் இட் ஸ்மெல்ட் ஆஃப் ரைஸ்" எண்டா சோறு கட்டின பேக். அந்த மானுகளைப் பாத்து வளந்தவளுக்கு உடன பிடிபட்டிட்டு. (இட்ஸ் ரெய்னிங்ல வாற இட்டைத் தேடாத, அங்க ஒண்டுமே இல்ல.)

இது வெள்ளைக்காரன்ட பழக்கம் மட்டுமில்ல. சண்டைக் காலத்தில "அவங்கள் சந்தியில நிக்கிறாங்கள்" எண்டு ஆரும் ஓடிவந்து சொன்னா, எவங்கள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. எந்த வருஷம், எந்தச் சந்தி, சொல்ற ஆள் ஆர், அதிலயே எல்லாம் அடங்கீடும். ஊரில அந்த அறிவு தானா வந்து சேர்ந்தது, கனடாவில போய் வேலை செய்து, ஆக்களோட தேத்தண்ணி குடிச்சுத்தான் சேர்க்கோணும்.

எனக்கு எல்லாத்திலயும் பகிடி வீ தான். "வீ நீட் டு கிளீன் திஸ் அப்" எண்டு சுப்பவைசர் சொன்னா அந்த வீக்குள்ள அவர் இல்லவே இல்ல. மச்சாள் சிரிச்சுப்போட்டுச் சொன்னா, "அது எனக்குத் தெரியும் அத்தான், அம்மா 'நாங்கள் இண்டைக்கு இன்னும் முத்தம் கூட்டேல்லையே' எண்டா விளக்குமாத்தை நான்தான் எடுக்கோணும்."