உமி சாரின் உலை

நம் பள்ளியில் கைத்தொழில் சொல்லிக்கொடுத்த உமி சாரைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்று பழைய மாணவர் சங்க மலர்க் குழு கேட்டது. அவருடைய நிஜப் பெயரே உங்களில் பாதிப் பேருக்கு இரங்கல் செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும்.

தக்ளி, பாய் முடைதல் எல்லாம் வேறு யாராவது எழுதட்டும். எனக்கு லாரி பிரேக் டிரம்மில் கட்டிய உலைதான். அடியில் ஓட்டை போட்டு இரும்புக் குழாய், மறுமுனையில் சைக்கிள் சக்கரத்தால் சுற்றும் காற்றாடி. அதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. உட்பூச்சுதான் ஒரு பருவத்தையே தின்றது.

கடற்கரைப் பள்ளி, மணலுக்கா பஞ்சம் என்று வாளி வாளியாக அள்ளி வந்தோம். சார் ஒரு பிடியைக் கண்ணருகே கொண்டுபோனார். "முழுக்கச் சிப்பித்தூள். காளவாய்ல எதைடா சுடுறான்? உள்ளே சுண்ணாம்பா வெந்துரும். அப்புறம் ஈரக்காத்து பட்டா பொலபொலன்னு உதிரும்." வைகை மணலும் பெரிய கண்மாய்க் களிமண்ணும் வந்தன. அதோடு பாதிக்குப் பாதி உமி. உமி எரிந்துபோன இடமெல்லாம் பொடி ஓட்டை. அதில் அடைபட்ட காற்றுதான் சூட்டை வெளியே விடாது. கரி உரசும் பக்கம் மட்டும் உமியில்லாத கெட்டிப் பூச்சு. நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே தீ. அவசரப்பட்டால் ஈரம் ஆவியாகிப் பூச்சைப் பிளந்துவிடும். கரிக்கு என்ன, சீமைக்கருவேலத்தை நம் மாவட்டத்தில் யார் கணக்குப் பார்த்தார்கள்! இரும்பு எவ்வளவு காய்ந்தது என்று நிறம் பார்த்துச் சொல்லத் தெரியாத பயல்களுக்கு ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம்: 770 டிகிரி தாண்டிய இரும்பில் அது ஒட்டாது.

ஆய்வுக்கு அதிகாரி வந்த அன்று சார் என்னைத்தான் முன்னால் இழுத்தார். "கொல்லன் மகன் சார், ரத்தத்திலேயே இருக்கு. சுத்துடா." பெருமையாகத்தான் சொன்னார். வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து நான் துருத்தி. போன சங்கக் கூட்டத்திலும் சிலர் அப்படித்தான் கூப்பிட்டீர்கள்; பிரியாணி நன்றாக இருந்தது, நானும் சிரித்துவைத்தேன். உமி அளவை அப்பாவிடம் கேட்டுவந்து சொன்னவன் நான் என்பதை அதிகாரியிடம் யாரும் சொல்லவில்லை.

பாளை சீவும் அரிவாளுக்குப் பனையேறிகள் அப்பாவைத்தான் தேடி வருவார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் பட்டறையில் உட்காரவில்லை. ஐடிஐ, பம்பாய், சார்ஜா. வந்து சேர்ந்த வேலை என்னவோ உலைகளுக்கு உட்பூச்சு போடுவதுதான்! சார் சொல்லிக்கொடுத்ததை வைத்தே மேஸ்திரி கேட்ட கேள்விகளைச் சமாளித்தேன், அதை மறுக்க முடியாது.

கடைசியாகப் போனில் பேசியபோது, "அங்க என்னப்பா பூசுறீங்க?" என்றார்.

"செராமிக் வுல் சார். 1260 டிகிரி ரகம்."

"விலை?"

சொன்னேன். "உமி நம்மூர்ல சும்மா கிடைக்குமேடா" என்று சிரித்தார். பிறகு, "அப்பா பட்டறை என்னாச்சு?"

"மொபைல் கடைக்கு விட்டிருக்கு சார்."

"வாடகை ஒழுங்கா வருதா?"

வருது சார் என்றேன்.