கரித்துணிக்குக் காசா?

கிச்சன் டிஷ்யூ ரோலுக்குப் பதிலா துவைச்சுத் துவைச்சுப் பயன்படுத்துற பருத்தித் துணி விக்கப் போறேன்னு சொன்னப்ப அம்மா கேட்டது: "ஏங்கண்ணு, கரித்துணியக் காசு குடுத்து எவ வாங்குவா?"

கரூர்ல இருந்துக்கிட்டு துணிக்குப் பஞ்சமா? தேன்கூடு மாதிரி குழிகுழியா நெய்த துணி எடுத்து, பத்துக்குப் பத்து இஞ்ச்ல வெட்டி, ஓரம் ஓவர்லாக் அடிச்சு, 12 துண்டு ஒரு கட்டு. அவ்வளவு சுலபம்னு நெனச்சேன்.

முதல் வாரமே புகார். "தண்ணியே இழுக்கல, மேல வழுக்கிட்டு ஓடுது." நெசவுக்குப் போட்ட கஞ்சி போகாம துணி தண்ணி குடிக்காது. அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்கு உறைக்கல! இப்ப ராத்திரி ஊறவச்சு ரெண்டு தடவை அலசிக் காயவச்சுத்தான் தைக்கக் குடுக்கறோம். சுருங்கறதும் அப்பவே சுருங்கிடும். இதனால செலவு கூடுச்சு, மழைக்காலத்துல ஆர்டர் தள்ளிப்போகுது. ஆனா திரும்பி வர்ற துணி நின்னுபோச்சு.

வாங்கினவங்க ஒண்ணு மட்டும் கவனிங்க. துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி துணிய மெதுவாக்குற திரவம் எதுவும் ஊத்தாதீங்க. வாசனை வரும், உறிஞ்சுறது போயிடும்.

அம்மா இப்ப மடிச்சுக் கட்டுப்போட உக்காந்துட்டாங்க. கட்டுக்கு 5 ரூபா கூலி வேணுமாம்.