அம்மாவின் செட் மாத்திரை

முப்பது வருஷமாக அம்மா குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறார். மடியில் முறம், நாள் முழுக்க மடக்கிய கால். முழங்கால் வலிக்காமல் இருக்குமா? தெருமுனை மருந்துக்கடையில் 'ஒரு செட் குடுப்பா' என்றால் காகிதப் பொட்டலத்தில் மூன்று மாத்திரை வரும். போட்ட அரை மணியில் மறுபடி உட்கார்ந்துவிடுவார்.

போன வருஷம் கெங்கையம்மன் சிரசு திருவிழா சமயம். கத்திரி வெயில், வீடு நிறைய விருந்தாளிகள். நின்று சமைக்கவேண்டி வந்ததால் காலை ஒரு செட், ராத்திரி ஒரு செட் என்று ஒரு வாரம் ஓடியிருக்கிறது. எனக்குத் தெரியாது. அப்புறம் வாந்தி, தலைசுற்றல். ஒன்றுக்கே சரியாகப் போகவில்லை என்று மூன்றாம் நாள்தான் சொன்னார்.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். 'என்ன மாத்திரை போட்டாங்க?' என்று டாக்டர் கேட்டதும் பொட்டலத்தை மேசைமேல் கொட்டினேன். எல்லாம் அட்டையிலிருந்து வெட்டிய துண்டுகள். ஒன்றின் முதுகில் 'ஃபினாக்' என்ற வால் மட்டும் மிச்சம். டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ, ரெண்டுமே வலி மாத்திரைதான், அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனதா என்றும் கேட்டார். இந்த மாத்திரைகள் இரைப்பையில் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்குமாம். நல்லவேளை, அது இல்லை.

ரத்தத்தில் கிரியேட்டினின் 2.8. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது, ஏறினால் சிறுநீரகம் சரியாக வடிகட்டவில்லை என்று அர்த்தம். முந்தின வருஷம் 0.9.

அம்மா பிரஷருக்கு டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர். டாக்டர் காகிதத்தில் சிறுநீரகம் என்று ஒரு வடிகட்டி வரைந்தார். வலி மாத்திரை உள்ளே வரும் ரத்தக்குழாயைச் சுருக்கும், டெல்மிசார்ட்டான் வெளியே போகும் குழாயைத் தளர்த்தும், மற்றது உடம்பின் நீரை இறக்கும். வெயிலில் வியர்வை வேறு. வடிகட்ட அழுத்தமே இல்லாமல் சிறுநீரகம் நின்றுபோகிறது. வலி மாத்திரை பிரஷரையும் ஏற்றும் என்றார். ஆறு மாதம் முன்பு பிரஷர் ஏறியதென்று மாத்திரையைக் கூட்டினார்களே, அப்போதும் இந்தச் செட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

வலி மாத்திரை அடியோடு நின்றது. பிரஷர் மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னார்கள். நாலு நாள் குளுக்கோஸ் பாட்டில். சிறுநீரைப் பிளாஸ்டிக் குவளையில் அளந்து சீட்டில் எழுதுவது என் வேலை. 150 மில்லி, 200 மில்லி. மூன்றாம் நாள் விடியற்காலை குவளை 400 கோட்டைத் தொட்டபோது அழுதுவிட்டேன். டயாலிசிஸ் வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வரும்போது கிரியேட்டினின் 1.9, ஆறு வாரத்தில் 1.1.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. டைக்ளோஃபினாக் டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கவேண்டிய மருந்து. பிரஷர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இப்போது வலிக்கு பாராசிட்டமால், அதுவும் டாக்டர் சொன்ன அளவுக்குத்தான். சுடுதண்ணீர் ஒத்தடம், தொடைக்குப் பயிற்சி. பீடி சுற்ற உயரமான ஸ்டூல் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், முதலில் முணுமுணுத்தார். போன வாரம் மருந்துக்கடையில் கூட நின்றேன். பையன் கத்தரிக்கோலை எடுத்ததும் அம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"பேர் இருக்கிற பக்கமா வெட்டிக் குடு கண்ணு. இன்னா மாத்திரைன்னு எனக்குத் தெரியணும்."